லேப்டாப் ஹேங் ஆகி நின்றால்: பவர் பட்டனைத் தொடுவதற்கு முன் சில குறிப்புகள்

மாத்தூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் பல வீடுகளில் அரசு கொடுத்த இலவச லேப்டாப் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் அரசு நிறுவனமான எல்காட் மூலம் வந்த லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. பாஸ், டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கியது. அண்ணன் பிளஸ் டூவில் வாங்கியதில் இன்று தங்கை கல்லூரி புராஜெக்ட் செய்கிறாள். அப்பா பி.எஃப். கணக்கு பார்க்கிறார். தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று அந்த மெஷின் அசையாமல் நின்றுவிட்டால் எல்லோர் கையும் நேராகப் பவர் பட்டனுக்குத்தான் போகிறது.

பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் மெஷின் அணைந்துவிடும், சந்தேகமில்லை. கூடவே அது ஏன் நின்றது என்ற தடயமும் அழிந்துவிடும். அடுத்த வாரம் அதே இடத்தில் மறுபடி நிற்கும். நின்றுபோன மெஷின் பெரும்பாலும் செத்துப்போவதில்லை, எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது. எதற்காக என்று கேட்கத் தெரிந்தால் பதில் சொல்லும். கீழே உள்ளவை அப்படிக் கேட்பதற்கான வழிகள். முதல் பாதி வீட்டில் எல்லோருக்கும் பயன்படும். சில குறிப்புகள் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளுக்கு.

1. முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள்: மெஷின் மெதுவாகப் போகிறதா, நின்றேவிட்டதா? பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஹார்ட் டிஸ்க் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் வேலை நடக்கிறது. மெமரி போதாமல் டிஸ்கை மெமரியாகப் பயன்படுத்தித் திணறிக்கொண்டிருக்கும். பிரவுசரில் இருபது டேப் திறந்து வைத்திருந்தால் இது சகஜம். இரண்டு, மூன்று நிமிடம் எதையும் தொடாமல் விடுங்கள். மவுஸைத் தட்டித் தட்டிக் கிளிக் செய்தால் ஒவ்வொரு கிளிக்கும் வரிசையில் சேர்ந்து இன்னும் தாமதமாகும். ஏதாவது ஓர் எண்ணை ஒருமுறை பார்த்து, ஒரு நிமிடம் கழித்து அதே எண்ணை மறுபடி பாருங்கள். மாறியிருந்தால் மெதுவாகப் போகிறது. மாறவே இல்லையென்றால் நின்றுவிட்டது. இனி வரும் குறிப்புகளில் பாதி, எந்த எண்ணைப் பார்ப்பது என்பதைப் பற்றியதுதான்.

2. கேப்ஸ் லாக் விளக்கைச் சோதியுங்கள். சாவியைத் தட்டினால் விளக்கு எரிந்து அணைகிறது என்றால் திரையைக் கவனிக்கும் மென்பொருள் விழித்திருக்கிறது. ஏதோ ஒரு புரோகிராம் மட்டுமே மாட்டியிருக்கிறது. விளக்கு அசையவில்லை என்றாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம், திரை மட்டும் நின்று, இயங்குதளத்தின் மையமான கெர்னல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கலாம். யாரும் தொடாமலே விளக்கு தானாக மின்னி மின்னி அணைந்தால் அது வேறு கதை. லினக்ஸில் கெர்னல் தன்னால் இனித் தொடர முடியாது என்று கையை விரித்ததன் அடையாளம் அது. அப்போது அணைத்துவிட்டு மறுபடி போடுவது தவிர வழி இல்லை. திரையில் எழுத்து ஏதும் தெரிந்தால் மட்டும் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

3. லினக்ஸில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். படங்கள் இல்லாத கறுப்புத் திரை வந்து பயனர் பெயர் கேட்கும். திரைக்கான மென்பொருள் மாட்டிக்கொண்ட பல நேரங்களில் இந்தப் பக்கவாசல் திறந்தே இருக்கும். உள்ளே போய்விட்டால் பாதி வேலை முடிந்தது. மீண்டும் பழைய திரைக்கு வர எஃப் 1, எஃப் 2, எஃப் 7 என்று ஒவ்வொன்றாக முயன்று பாருங்கள். லினக்ஸ் பதிப்புக்குத் தகுந்தபடி மாறும்.

4. உள்ளே போனதும் 'டாப்' என்று தட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் எல்லாம் வரிசையாக வரும். 'எஸ்' என்று தலைப்பிட்ட பத்தியில் ஒவ்வொன்றுக்கும் நேராக ஓர் எழுத்து இருக்கும். 'ஆர்' என்றால் ஓடுகிறது. 'எஸ்' என்றால் தூங்குகிறது, எழுப்பினால் எழும். பட்டியலில் பெரும்பாலானவை எஸ்தான், அதில் கவலை இல்லை. 'இசட்' என்றால் ஜோம்பி: செத்துவிட்டது, ஆனால் அதைத் தொடங்கிவைத்த தாய் புரோகிராம் இன்னும் கணக்கை முடிக்கவில்லை. ஜோம்பியைக் கொல்ல முயன்று பயனில்லை, தாயை நிறுத்தினால் தானே போய்விடும். நீங்கள் தேட வேண்டிய எழுத்து 'டி' (D).

5. 'டி' என்றால் கெர்னலுக்குள் போய் ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிறது, இடையில் யார் எழுப்பினாலும் எழாது. டிஸ்கிலிருந்து வர வேண்டிய பதிலாகவோ இன்னொருவர் பிடித்து வைத்திருக்கும் லாக்காகவோ (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பயன்படுத்துவதற்கான பூட்டு) அது இருக்கலாம். 'கில் மைனஸ் 9' அடித்தும் சாகாத புரோகிராம் இதுதான். பலர் இந்த இடத்தில்தான் மிரண்டுபோகிறார்கள். கட்டளை போய்ச் சேராமலில்லை. அந்தப் புரோகிராம் காத்திருப்பு முடிந்து கண் விழித்த பிறகுதான் சாக முடியும். பாதி எழுதிய நிலையில் அதைக் கொன்றால் டிஸ்கில் இருக்கும் தகவல் கெட்டுவிடும் என்பதால் கெர்னலை இப்படி வடிவமைத்தார்கள். 2008-இல் வந்த 2.6.25 கெர்னலில் இருந்து, காத்திருக்கும்போதே கொல்லக்கூடிய ஒரு இடைநிலையும் உண்டு, ஆனால் எல்லா இடத்திலும் அதைப் பயன்படுத்துவதில்லை.

ஒரு விநாடி 'டி' காட்டி மறைந்தால் அது இயல்பு. ஒரே புரோகிராம் நிமிடக்கணக்கில் 'டி'யிலேயே நின்றால் அதுதான் உங்கள் ஆள். 'பி.ஐ.டி.' பத்தியில் இருக்கும் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

6. வீட்டில் அதிகம் நடக்கும் 'டி' பென் டிரைவால் வருவது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு பையன் கல்யாண வீடியோவைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டிருந்தான். காப்பி ஆகும் பட்டை ஒரு நிமிடத்தில் 100 சதவீதம் ஆகிவிட்டது. எஜெக்ட் கொடுத்தால் சுற்றிக்கொண்டே இருந்தது. "அண்ணா, ஹேங் ஆயிடுச்சுண்ணா, பிடுங்கிடவா?" என்றான். பிடுங்கக் கூடாது. லினக்ஸ் முதலில் வீடியோவை மெமரியில் வாங்கி வைத்துக்கொள்கிறது. வாங்கியவுடன் 'முடிந்தது' என்று சொல்லிவிடுகிறது. உண்மையில் பென் டிரைவில் எழுதுவது பின்னால் மெதுவாக நடக்கிறது. வழக்கமான அமைப்பில், எழுதாமல் கிடக்கும் பாக்கி கையிருப்பு மெமரியில் ஏறத்தாழ 20 சதவீதம் வரை சேர அனுமதி உண்டு. மலிவான பென் டிரைவ் விநாடிக்கு நாலைந்து எம்.பி. எழுதுமென்றால், சில நூறு எம்.பி. பாக்கியை முடிக்க ஒன்றிரண்டு நிமிடம் வேண்டும்தானே!

பாக்கி எவ்வளவு என்று பார்க்க வழி இருக்கிறது. 'ப்ராக்' டைரக்டரிக்குள் 'மெம்இன்ஃபோ' என்ற ஃபைலைத் திறந்தால் 'டர்ட்டி' என்று ஒரு வரியும் 'ரைட்பேக்' என்று ஒரு வரியும் இருக்கும். டர்ட்டிக்கு நேரே உள்ள எண் இன்னும் எழுத வேண்டிய பாக்கி. ரைட்பேக்கில் உள்ளது இந்த நொடி எழுதப்படுவது. பையனின் மெஷினில் முதலில் பார்த்தபோது டர்ட்டி 4 லட்சம் கே.பி.யைத் தாண்டி இருந்தது. சற்று நேரம் கழித்துப் பார்த்தால் 3 லட்சம். குறைந்துகொண்டே வந்து சில ஆயிரத்துக்கு இறங்கியதும் எஜெக்ட் தானே வேலை செய்தது. பெரிய ஃபைல் ஏற்றும்போதெல்லாம் காப்பி முடிந்ததும் 'சிங்க்' என்று ஒரு கட்டளை கொடுத்துவிடுங்கள். பாக்கி முழுவதும் எழுதி முடிந்த பிறகுதான் அது திரும்பி வரும்.

எண் ஐந்து நிமிடம் ஆகியும் ஒரு கே.பி. கூடக் குறையவில்லை என்றால்தான் உண்மையான சிக்கல். பெரும்பாலும் பென் டிரைவ் போய்விட்டது, அல்லது யு.எஸ்.பி. துளை லூஸாக இருக்கிறது.

7. 'டாப்' திரையின் மேல் வரியில் 'லோட் ஆவரேஜ்' என்று மூன்று எண்கள் இருக்கும். லினக்ஸில் இந்தக் கணக்கில், ஓடுபவர்களோடு 'டி' நிலையில் காத்திருப்பவர்களும் சேர்வார்கள். அதனால் லோட் 9 என்று காட்டும், கீழே சி.பி.யு. 95 சதவீதம் சும்மா இருப்பதாகவும் காட்டும். முரண்பாடில்லை. ஒன்பது பேர் நிற்கிறார்கள், உழைப்பவர் யாருமில்லை என்று பொருள். லோட் அதிகம், சி.பி.யு. சும்மா: இந்தச் சேர்க்கையைப் பார்த்தவுடன் டிஸ்கையோ, நெட்வொர்க் ஃபோல்டரையோ, லாக்கையோ சந்தேகப்படுங்கள். மெமரி, பிராசஸர் வாங்கப் பணம் செலவழிக்க வேண்டாம்.

8. குறித்து வைத்த எண் இருக்கிறதல்லவா? 'ப்ராக்' டைரக்டரிக்குள் அந்த எண்ணையே பெயராகக் கொண்டு ஒரு டைரக்டரி இருக்கும். அதற்குள் 'ஸ்டேக்' என்ற ஃபைலை ரூட் உரிமையோடு திறந்து பாருங்கள். கெர்னலுக்குள் எந்த ஃபங்ஷனில் தொடங்கி எந்த ஃபங்ஷனில் வந்து நிற்கிறது என்று வரிசையாகக் காட்டும். கடைசியாக அழைத்தது முதல் வரியில் இருக்கும். எல்லாப் பெயரும் புரிய வேண்டியதில்லை. 'மியூடெக்ஸ்' என்று வந்தால் லாக்குக்காக நிற்கிறது. 'யு.எஸ்.பி.', 'ஸ்கஸி' வந்தால் கருவி பதில் சொல்லவில்லை. 'என்.எஃப்.எஸ்.', 'ஆர்.பி.சி.' வந்தால் நெட்வொர்க்கில் இருக்கும் ஃபோல்டர் அந்தப் பக்கம் அணைந்திருக்கிறது.

இதையும் இரண்டு முறை பாருங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறையும் அச்சு மாறாமல் அதே வரிகள் வந்தால் நிற்கிறது. மாறினால் வேலை நடக்கிறது.

9. 'டி, எம், இ, எஸ், ஜி' (dmesg) என்ற ஐந்தெழுத்துக் கட்டளையை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கெர்னல் தன் நாட்குறிப்பைக் காட்டும். ஒரு புரோகிராம் 'டி'யில் 120 விநாடிக்கு மேல் நின்றால் 'டாஸ்க் இன்னது, பிளாக்ட் ஃபார் மோர் தேன் 120 செகண்ட்ஸ்' என்று ஒரு வரியும், அதன் கீழே ஸ்டேக்கும் எழுதி வைத்திருக்கும். இந்தக் காவல் பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகளில் தானாகவே இயங்கும். யாரையும் கொல்லாது, தகவல் மட்டும் சொல்லும். அதுவும் வழக்கமான அமைப்பில் பத்து முறைதான் சொல்லும், பிறகு மௌனமாகிவிடும். அதனால் முதலில் வந்த வரியைத் தேடிப் பிடியுங்கள். பின்னால் வருபவர்கள் பெரும்பாலும் முதல் ஆளுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள்.

'சாஃப்ட் லாக்கப்' என்று வந்தால் நோய் வேறு. அங்கே புரோகிராம் காத்திருக்கவில்லை. கெர்னலுக்குள்ளேயே ஒரு சி.பி.யு.வைப் பிடித்துக்கொண்டு 20 விநாடிக்கு மேல் விடாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் டிரைவர் பிழை.

10. கீபோர்டில் 'பிரிண்ட் ஸ்கிரீன்' சாவியின் மேலேயே சில மாடல்களில் 'சிஸ்ரிக்யூ' என்று சின்னதாக எழுதியிருக்கும். ஆல்ட்டும் அதுவும் சேர்த்துப் பிடித்து ஓர் எழுத்தைத் தட்டினால், திரை உறைந்து கிடந்தாலும் கெர்னல் நேரடியாகக் கேட்கும். 'டபிள்யூ' தட்டினால் 'டி'யில் நிற்கும் எல்லோருடைய ஸ்டேக்கையும் நாட்குறிப்பில் எழுதும். 'டி' (T) தட்டினால் ஒட்டுமொத்தப் புரோகிராம்களின் நிலையும் வரும். 'எல்' ஒவ்வொரு சி.பி.யு.வும் என்ன செய்கிறது என்று சொல்லும். டெபியன் வழியில் வந்த பதிப்புகளில் இந்த ஆய்வு எழுத்துகளைப் பாதுகாப்புக்காகப் பூட்டி வைத்திருப்பது வழக்கம். முன்கூட்டியே 'கெர்னல் டாட் சிஸ்ரிக்யூ' என்ற அமைப்பில் 1 என்று போட்டுவிட்டால் திறந்துகொள்ளும். மெஷின் நன்றாக இருக்கும் நாளிலேயே இதைச் செய்து வையுங்கள். சிக்கிய பிறகு போட முடியாமல் போகலாம்.

11. லாக்குக்காக நிற்பதில் மோசமானது டெட்லாக். அது என்ன என்பதைப் பார்த்துவிடலாம். ராயபுரம், எண்ணூர் சாலைகளில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். நான்கு சாலை கூடும் இடத்தில் நான்கு டிரெய்லர்கள் உள்ளே நுழைந்துவிட்டன. ஒவ்வொன்றும் தான் நிற்கும் இடத்தை விடாமல், அடுத்தது நகர்ந்தால் போகலாம் என்று நிற்கிறது. நான்கு பேரும் சரியாகத்தான் ஓட்டுகிறார்கள், நான்கு பேரும் நகர முடியாது.

கெர்னலில் முதல் வேலை 'அ' லாக்கைப் பிடித்துக்கொண்டு 'ஆ'வுக்கு நிற்கும். இரண்டாவது 'ஆ'வைப் பிடித்துக்கொண்டு 'அ'வுக்கு நிற்கும். 1971-இல் காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி மூவரும் இதற்கு நான்கு நிபந்தனைகள் சொன்னார்கள். ஒரு பொருளை ஒரு நேரத்தில் ஒருவர்தான் வைத்திருக்க முடியும். கையில் ஒன்றை வைத்துக்கொண்டே இன்னொன்றுக்குக் காத்திருப்பார்கள். கையில் உள்ளதை யாரும் பிடுங்க முடியாது. காத்திருப்பு ஒரு வட்டமாகச் சுற்றி வருகிறது. நான்கும் ஒன்றுசேர்ந்தால்தான் டெட்லாக். ஏதாவது ஒன்றை உடைத்துவிட்டால் போதும்.

மைஎஸ்க்யூஎல் போன்ற தரவுத்தளங்கள் மூன்றாவதை உடைக்கின்றன. வட்டத்தைக் கண்டுபிடித்து ஒருவரின் வேலையை ரத்து செய்து பின்னால் அனுப்பிவிடும். கெர்னல் அப்படிச் செய்வதில்லை. பாதியில் ரத்து செய்தால் எதை எங்கே திருப்பி வைப்பது என்ற கணக்கு அதனிடம் இல்லை. ஆகவே கெர்னலில் வட்டம் ஒருமுறை விழுந்துவிட்டால் மெஷினை மறுபடி தொடங்குவதுதான் தீர்வு. வட்டம் விழாமல் எழுதுவது புரோகிராமர் கையில் இருக்கிறது.

12. கல்லூரியில் புரோகிராம் எழுதும் பிள்ளைகளுக்கு: இரண்டு லாக் தேவைப்படும் இடத்தில் எப்போதும் ஒரே வரிசையில் பிடியுங்கள். பணம் மாற்றும் புரோகிராமில் 'அனுப்புபவர் கணக்கு முதலில், பெறுபவர் கணக்கு அடுத்து' என்று எழுதினால், ஒரே நேரத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் அனுப்பும்போது மாட்டும். 'எண் சிறிய கணக்கு முதலில்' என்று எழுதினால் வட்டம் விழவே வழி இல்லை. இந்த ஒரு வரி மாற்றம் போதும். வரிசையை ஃபைலின் மேலேயே கமென்டாக எழுதி வையுங்கள், அடுத்து வருபவர் மீறாமல் இருக்க. லாக்கைப் பிடித்துக்கொண்டு டிஸ்க், நெட்வொர்க் வேலைக்குப் போகாதீர்கள்.

மாட்டிய புரோகிராம் உங்களுடையதென்றால், 'ஜி.டி.பி.'யை அதோடு இணைத்து எல்லா திரெட்களின் பேக்டிரேஸையும் எடுங்கள். லாக்குக்காக நிற்கும் இரண்டு திரெட்களைக் கண்டுபிடித்து, யார் எதைப் பிடித்திருக்கிறார்கள் என்று பேப்பரில் அம்புக்குறி போட்டு வரையுங்கள். அம்பு சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடிந்தால் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

13. கெர்னல் மாட்யூல் எழுதுபவர்கள் 'லாக்டெப்'பை இயக்கிய கெர்னலில்தான் சோதிக்க வேண்டும். இங்கோ மோல்னார் எழுதி 2006-இல் 2.6.18 கெர்னலில் சேர்ந்தது. எந்த லாக்குக்குப் பின் எந்த லாக் பிடிக்கப்பட்டது என்று அது நினைவில் வைத்திருக்கும். இன்று காலை 'அ'வுக்குப் பின் 'ஆ', மாலையில் 'ஆ'வுக்குப் பின் 'அ' என்று நடந்தால், இரண்டும் மோதவே இல்லையென்றாலும் எச்சரிக்கும். லட்சத்தில் ஒரு முறை நடக்கும் மோதலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. மெஷின் சற்று மெதுவாகும் என்பதால் வீட்டு உபயோகத்தில் இதை வைத்திருக்க வேண்டாம்.

14. டெட்லாக்குக்கு நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு, முன்னுரிமைத் தலைகீழ் மாற்றம். இதைப் படிக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு இதற்குள் இருக்கிறது.

1997 ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கம்ப்யூட்டர் தானாகவே ரீசெட் ஆகத் தொடங்கியது. ஒவ்வொரு ரீசெட்டிலும் அன்றைய மிச்ச வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போனது. நடந்தது இதுதான்: வானிலைத் தகவல் சேகரிக்கும் வேலை, முன்னுரிமை குறைந்தது, ஒரு லாக்கைப் பிடித்தது. முன்னுரிமை மிகுந்த தகவல் பரிமாற்ற வேலை அதே லாக்குக்குக் காத்து நின்றது. இடையில் நடுத்தர முன்னுரிமை வேலை புகுந்து, லாக்கை வைத்திருந்த சின்ன வேலையை ஓட விடாமல் செய்தது. பெரியது சின்னதுக்காக நிற்கிறது, சின்னது நடுவில் இருப்பதால் நிற்கிறது. குறித்த நேரத்தில் வேலை முடியவில்லை என்று கண்ட கண்காணிப்பு வேலை மெஷினை ரீசெட் செய்தது.

பூமியில் இருந்த நகல் மெஷினில் நிகழ்வுகளைப் பதிவு செய்யும் வசதியை இயக்கி, அதே கோளாறை வரவழைத்துப் பார்த்துத்தான் பொறியாளர்கள் காரணத்தைப் பிடித்தார்கள். தீர்வு அவர்கள் வாங்கிய வி.எக்ஸ்.வொர்க்ஸ் இயங்குதளத்திலேயே இருந்தது, அணைத்து வைக்கப்பட்டிருந்தது. லாக்கை வைத்திருப்பவர், அதற்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகப் பெற்றுக்கொண்டு சீக்கிரம் முடித்து விடுவிக்க வேண்டும் என்ற முறை அது. செவ்வாய்க்குச் சிறிய மாற்றத்தை அனுப்பி அதை இயக்கினார்கள். ரீசெட் நின்றது.

அந்த முறையை விரிவாக ஆராய்ந்து நிறுவிய கட்டுரை 1990-இல் ஐ.இ.இ.இ. இதழில் வந்தது. எழுதியவர்கள் மூவர்: லூய் ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி. இவர்களில் ராஜ்குமார் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பி.இ. படித்தவர். பிறகு அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து அங்கேயே பேராசிரியரானவர். இதே முறை 2006-இல் லினக்ஸுக்கும் வந்தது. நம் வீட்டு லேப்டாப்பின் கெர்னலில் இன்று கோவையில் படித்த ஒருவரின் சிந்தனை இருக்கிறது. இதை நம் பாடப்புத்தகங்கள் பெயரோடு சொல்ல வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

15. விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு: 'ரிசோர்ஸ் மானிட்டர்' திறந்து, பதில் சொல்லாத புரோகிராம் மேல் வலது கிளிக் செய்து 'அனலைஸ் வெயிட் செயின்' கொடுங்கள். விண்டோஸ் 7 முதல் இருக்கிறது. யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று மரம்போல் காட்டும். பிரவுசர் காத்து நிற்பது பிரிண்டர் மென்பொருளுக்காக என்றால், அந்த மென்பொருளை மட்டும் நிறுத்தினால் போதும், பாதி நிரப்பிய விண்ணப்பம் தப்பித்துக்கொள்ளும். நீலத் திரையில் 'டி.பி.சி. வாட்ச்டாக் வயலேஷன்' என்று வந்தால் ஒரு டிரைவர் கெர்னலுக்குள் அதிக நேரம் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். கடைசியாக எந்த டிரைவர் அப்டேட் ஆனது என்று பாருங்கள்.

16. ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் லினக்ஸ் கெர்னல்தான். நீங்கள் தொட்டு 5 விநாடிக்குள் ஆப் பதில் சொல்லாவிட்டால் 'ரெஸ்பாண்ட் செய்யவில்லை' என்ற பெட்டி வரும். பணம் அனுப்பும்போது வந்தால் 'வெயிட்' கொடுங்கள். மூடிவிட்டு மறுபடி அனுப்ப வேண்டாம், முதலில் வங்கிக் குறுஞ்செய்தி வந்ததா என்று பாருங்கள்.

17. பழைய லேப்டாப்பில் அடிக்கடி 'டி' வந்தால், சாஃப்ட்வேரைக் குறை சொல்வதற்கு முன் ஹார்ட் டிஸ்கைப் பாருங்கள். நாட்குறிப்பில் 'ஐ/ஓ எரர்', 'ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்' போன்ற வரிகள் வருகின்றனவா? டிஸ்க் பதில் சொல்லாவிட்டால் கெர்னல் வழக்கமாக 30 விநாடி காத்திருந்து மறுபடி முயலும். அந்த 30 விநாடிதான் உங்களுக்கு ஹேங்காகத் தெரிகிறது. 'ஸ்மார்ட்சிடிஎல்' கட்டளையில் 'கரண்ட் பெண்டிங் செக்டார்' என்ற வரிக்கு நேரே பூஜ்யம் இருக்க வேண்டும். எண் ஏறிக்கொண்டே போனால் அன்றே போட்டோக்களையும் சான்றிதழ் ஸ்கேன்களையும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

18. நாட்குறிப்பில் ஒரு வரியும் இல்லாமல் திடீரென்று உறைந்தால் சூடு, ராம், மின்சாரம் மூன்றையும் சந்தேகப்படுங்கள். லாரிப் புழுதி படியும் வீடுகளில் ஃபேன் துளை அடைத்துக்கொள்ளும். கட்டில் மெத்தைமேல் வைத்து ஓட்டாதீர்கள். ராமுக்கு 'மெம்டெஸ்ட்' ஓர் இரவு ஓடட்டும்.

19. அணைத்தே ஆக வேண்டும் என்றால் முறையாக அணையுங்கள். லினக்ஸில் ஆல்ட், பிரிண்ட் ஸ்கிரீன் இரண்டையும் பிடித்தபடி எஸ், யு, பி என்று ஒவ்வொன்றாகச் சில விநாடி இடைவெளியில் தட்டுங்கள். எஸ் பாக்கியை எழுதச் சொல்லும். யு டிஸ்கைப் படிக்க மட்டும் என்று பூட்டும். பி மறுபடி தொடங்கும். டெபியனில் மற்றவை பூட்டியிருந்தாலும் இந்த மூன்றும் பொதுவாக வேலை செய்யும். பவர் பட்டன் கடைசி வழி.

20. மறுபடி வந்ததும் 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் 'மைனஸ் பி மைனஸ் 1' போட்டால் முந்தைய முறை ஓடியபோது எழுதிய நாட்குறிப்பு வரும். பழைய பதிப்புகளில் 'வார்' டைரக்டரியின் 'லாக்' பகுதியில் 'கெர்ன் டாட் லாக்' என்ற ஃபைலில் இருக்கும். நின்ற நேரத்துக்குச் சற்று முன்னிருந்து படியுங்கள்.

21. பழுது பார்க்க ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளுக்கு எடுத்துப் போவதாக இருந்தால், 'ஹேங் ஆகுது' என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் ஃபார்மேட் போட்டுத் தந்துவிடுவார்கள். டிஸ்க் கெட்டிருந்தால் ஒரு மாதத்தில் அதே நிலைதான், இடையில் உங்கள் ஃபைல்கள் போயிருக்கும். நின்ற புரோகிராமின் பெயர், 120 விநாடி வரி, ஸ்டேக்கின் முதல் சில வரிகள், அப்போது எது சொருகியிருந்தது: இந்த நான்கையும் போனில் போட்டோ எடுத்துக் காட்டுங்கள். காசு கொடுத்துக் கேட்க வசதி இல்லாதவர்களுக்கு இந்திய லினக்ஸ் பயனர் குழுவின் சென்னைக் கிளை இருக்கிறது. தமிழிலேயே படிக்க 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழ் இருக்கிறது. கேள்வியோடு அந்தப் போட்டோக்களையும் சேர்த்து அனுப்புங்கள், பதில் சொல்பவருக்கு அவைதான் வேண்டும்.